நோய் கிலோமீட்டர் பாத்து பரவறதில்ல

2020 ஜனவரி 22 அன்னிக்கு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துல லாரன் கார்ட்னர் குழு கொரோனா எந்த ஊர்ல எத்தனை பேருக்கு வந்திருக்குன்னு காட்டற ஒரு டேஷ்போர்டு வெளியிட்டாங்க. கறுப்பு மேப், அதுமேல சிவப்பு வட்டங்கள், நீங்களும் பாத்திருப்பீங்க. அடுத்த சில மாசம் நான் அதைத்தான் திரும்பத் திரும்ப திறந்து பாத்துட்டு இருந்தேன். பாக்கப் பாக்க ஒரு விஷயம் மனசுல நின்னுது. வட்டங்கள் பக்கத்து ஊரு, அதுக்குப் பக்கத்து ஊருன்னு வரிசையா வரல. வூஹான்ல பெருசா ஒண்ணு, அப்புறம் பாத்தா தாய்லாந்து, சியாட்டில் பக்கம், ஈரான்ல கோம் நகரம், வட இத்தாலில கொதோஞோன்னு ஒரு சின்ன ஊர். நடுவுல ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் காலியா கிடக்கு. அப்போ இந்த நோய்க்கு எது பக்கம், எது தூரம்? இந்தக் கேள்வியைப் பிடிச்சுக்கிட்டுதான் நான் நியூரல் நெட்வொர்க், அதாவது டேட்டாவைப் பாத்துத் தானே கத்துக்கற கணினி மாடல் பக்கம் வந்தேன், இன்னும் அதுலதான் இருக்கேன்.

கொஞ்சம் பழைய கதைல இருந்து வரேன். 1347 அக்டோபர்ல கறுப்புச் சாவு எனப்படற பிளேக் சிசிலித் தீவுல மெசினா துறைமுகத்துக்கு கப்பல்ல வந்து இறங்குச்சு, 1348ல பாரிஸ், லண்டன், அடுத்த ரெண்டு வருஷத்துல ஸ்காண்டிநேவியா வரைக்கும் போயிடுச்சு. ஐரோப்பா மேப்ல வருஷவாரியா கோடு போட்டுப் பாத்தா துணில சொட்டின மை மாதிரி தெற்குல இருந்து வடக்கே ஊறிட்டே போறது தெரியும். ஆளுங்க நடந்தும் வண்டிலயும் போன காலம், அதனால நோயும் அந்த வேகத்துல தரைவழியா நகர்ந்துச்சு. ஆனா அப்பவே துறைமுகங்களுக்கு மட்டும் முன்கூட்டியே வந்துடுச்சு, ஜெனோவா, வெனிஸ், மார்செய் எல்லாம் உள்நாட்டு ஊர்களை முந்திக்கிட்டு மாட்டிக்கிச்சு. அதாவது தாவற பழக்கம் நோய்க்கு புதுசு இல்ல, கப்பல் இருந்த இடத்துல தாவிச்சு, இன்னிக்கு விமானம் எல்லா இடத்துலயும் இருக்கு, அவ்வளவுதான்.

இதை கணக்கா எழுதிக் காட்டினவங்க டிர்க் ப்ராக்மன், டிர்க் ஹெல்பிங்னு ரெண்டு பேர், 2013ல சயின்ஸ் இதழ்ல வந்த கட்டுரை. அவங்க சொன்னது ரொம்ப எளிமை. ஒரு ஊர்ல இருந்து கிளம்பற ஆட்கள்ல எவ்வளவு பங்கு இன்னொரு ஊருக்கு போறாங்கன்னு பாரு, அந்தப் பங்கோட இயற்கை லாகரிதம் (ln) எடுத்து 1ல இருந்து கழி, அதுதான் அந்த ரெண்டு ஊருக்கும் உண்மையான தூரம். பத்துல ஒருத்தர் போறாங்கன்னா தூரம் சுமார் 3.3. ஆயிரத்துல ஒருத்தர் போறாங்கன்னா சுமார் 7.9. கிலோமீட்டரே இதுல வராது. இந்த தூரத்தை வச்சு 2003 சார்ஸையும் 2009 எச்1என்1 காய்ச்சலையும் திரும்ப வரைஞ்சு பாத்தா, மேப்ல சிதறிக் கிடந்தது எல்லாம் ஒரு மையத்துல இருந்து ஒழுங்கா வட்டம் வட்டமா விரியற அலையா மாறிடுது, எந்த நாட்டுக்கு எப்ப வந்துச்சுங்கறதும் இந்த தூரமும் கிட்டத்தட்ட ஒரு நேர்கோட்டுல வந்து உக்காருது. முதல்தடவை அந்தப் படத்தைப் பாத்தப்போ நான் ரொம்ப நேரம் வேற எதையும் படிக்கல.

இதுல இன்னொரு அழகு, இந்த தூரம் போறப்போ ஒண்ணு வர்றப்போ ஒண்ணு. ஒரு சின்ன ஊர்ல இருந்து வெளில போறவங்கள்ல பாதிப்பேர் பெரிய நகரத்துக்குத்தான் போவாங்க, அதனால அங்க இருந்து பாத்தா நகரம் ரொம்பக் கிட்ட. நகரத்துல இருந்து கிளம்பறவங்கள்ல அந்தச் சின்ன ஊருக்கு போறவங்க ஆயிரத்துல ஒருத்தரா இருக்கலாம், அதனால நகரத்துல இருந்து பாத்தா ஊர் ரொம்பத் தொலைவு. சின்ன இடத்துல ஆரம்பிச்ச தொற்று சீக்கிரமே பெரிய நகரத்துக்கு ஏறிடும், ஆனா நகரத்துல இருந்து குறிப்பிட்ட ஒரு சின்ன ஊருக்கு இறங்க நேரம் எடுக்கும்.

2020லயும் இது அப்படியே தெரிஞ்சுது. டொராண்டோவுல இருக்கற ப்ளூடாட்ங்கற நிறுவனம் வூஹான்ல இருந்து விமானத்துல அதிகம் பேர் போற ஊர்களை டிக்கெட் டேட்டா வச்சு வரிசைப்படுத்தினாங்க, முதல் இடத்துல பாங்காக். சீனாவுக்கு வெளில முதல் கேஸ் தாய்லாந்துலதான், ஜனவரி 13 அன்னிக்கு அறிவிச்சாங்க. எந்த நியூரல் நெட்வொர்க்கும் தேவைப்படாத கணிப்பு இது, யாரு எங்க போறாங்கன்னு தெரிஞ்சா போதும். நான் இந்தக் கட்டுரை முழுக்க சொல்ல வர்றதும் இதேதான்: மாடலோட புத்திசாலித்தனத்தை விட, ஊருக்கும் ஊருக்கும் நடுவுல நாம போடற கோடு சரியா இருக்காங்கறதுதான் முக்கியம், அந்தக் கோடுகள்ல யாரோட நடமாட்டம் விட்டுப்போச்சுன்னு பாக்கறது அதைவிட முக்கியம்.

சரி, அப்போ நியூரல் நெட்வொர்க் எதுக்கு?

பழைய மாடல்கள்ல அந்தக் கோட்டை ஒரு ஃபார்முலா போட்டு வரைவாங்க. ரொம்ப பிரபலமானது கிராவிட்டி மாடல், ரெண்டு ஊரோட மக்கள்தொகையைப் பெருக்கி தூரத்தோட ஏதோ ஒரு பவரால வகுத்தா நடுவுல எவ்வளவு பேர் போவாங்கன்னு ஒரு மதிப்பீடு. இது சும்மா சொல்லக்கூடாது, நல்லாவே வேலை செய்யும். தடுப்பூசி வராத காலத்து இங்கிலாந்துல தட்டம்மை லண்டன் மாதிரி பெரிய நகரங்கள்ல இருந்து அலை அலையா வெளில போனதை க்ரென்ஃபெல் குழு 2001ல காட்டினாங்க, அதைப் புரிஞ்சுக்க கிராவிட்டி மாதிரி கோடுகள் போதுமானதா இருந்துச்சு. ஒவ்வொரு ஊருக்குள்ளயும் நோய் எப்படி ஏறி இறங்குதுங்கறதுக்கு எஸ்ஐஆர் மாடல், அதாவது இன்னும் வராதவங்க, இப்ப இருக்கறவங்க, வந்து மீண்டவங்கன்னு மூணு கூட்டமா பிரிச்சு கணக்கு போடறது, 1927ல கெர்மாக், மெக்கெண்ட்ரிக் எழுதினது. அவங்க அந்தக் கட்டுரைல பொருத்திக் காட்டின டேட்டா 1905-06ல பம்பாய் தீவுல பிளேக்ல செத்தவங்க எண்ணிக்கை. இந்தத் துறையோட அஸ்திவாரக் கட்டுரைல இருக்கற அந்த வளைவு கோட்டுல ஒவ்வொரு புள்ளியும் ஒரு வாரத்துல செத்துப்போன மனுஷங்க, இதை மறக்காம இருக்கணும்னு நான் எனக்கே அடிக்கடி சொல்லிக்குவேன்.

ஆனா ஃபார்முலாவுக்கு ஒரு எல்லை இருக்கு. வேலைக்கு போறது, படிக்க போறது, பண்டிகைக்கு போறது, வைத்தியத்துக்கு போறது எல்லாம் ஒரே ஃபார்முலாவுல அடங்காது, அதோட ஊரடங்கு போட்டா, பள்ளிக்கூடம் மூடினா, ஆளுங்க பயந்து தாங்களாவே வெளில போறதைக் குறைச்சா எல்லாமே மாறும். இங்கதான் கிராஃப் நியூரல் நெட்வொர்க் வருது. ஒவ்வொரு ஊரும் ஒரு நோட், அதாவது ஒரு புள்ளி. ரெண்டு ஊருக்கு நடுவுல ஆள் போக்குவரத்து இருந்தா ஒரு எட்ஜ், அதாவது ஒரு கோடு, எவ்வளவு பேர் போறாங்களோ அது அந்த எட்ஜோட வெயிட். ஒவ்வொரு நோட்டுக்கும் கையில கொஞ்சம் எண்கள் இருக்கும், போன ரெண்டு வாரத்து கேஸ் எண்ணிக்கை, மக்கள்தொகை, எத்தனை டெஸ்ட் பண்ணாங்க, இந்த மாதிரி. ஒரு லேயர் ஓடும்போது ஒவ்வொரு நோட்டும் தன்னோட இணைஞ்சிருக்கற நோட்கள்கிட்ட இருந்து அவங்க எண்களை வாங்கும், எட்ஜ் வெயிட் போட்டு கூட்டும், தன்னோட எண்களையும் சேர்த்துக்கும், கத்துக்கிட்ட ஒரு மேட்ரிக்ஸால, அதாவது ஒரு எண் அட்டவணையால பெருக்கும், கடைசில நேர்கோடா இல்லாத ஒரு ஃபங்ஷன் வழியா அனுப்பும். ரெண்டு லேயர் போட்டா இணைப்புக்கு இணைப்பு வரைக்கும் சேதி வரும். தாமஸ் கிப்ஃப், மேக்ஸ் வெல்லிங் எழுதிய 2017 கட்டுரைக்கு அப்புறம் இந்த முறை எல்லா இடத்துக்கும் போச்சு.

லேயரை ஏத்திக்கிட்டே போனா இன்னும் தூரத்து ஊர் சேதியும் வரும்தானேன்னு தோணும். வரும், ஆனா எல்லாரும் எல்லார்கிட்டயும் கேட்டுக் கேட்டு கடைசில எல்லா நோட்டும் ஒரே மாதிரி ஆகிடும், எந்த ஊருக்கும் தனி முகம் இருக்காது. அதனால பெரும்பாலும் ரெண்டு மூணு லேயரோட நிறுத்திடறாங்க. நேரத்தைக் கையாள எல்எஸ்டிஎம் மாதிரி வரிசையை ஞாபகம் வச்சுக்கற ஒரு பகுதியை மேல கோர்க்கறாங்க, இல்லன்னா ஒவ்வொரு நாளையும் ஒரு தனித் தளமா வச்சு இன்னிக்கு இருக்கற ஊரை நேத்து முந்தாநேத்து இருந்த அதே ஊரோட எட்ஜ் போட்டு இணைக்கறாங்க. 2020ல கூகிள் ஆராய்ச்சியாளர்கள் அமெரிக்க கவுண்டிகளை, அதாவது அங்க உள்ள மாவட்டங்களை வச்சு பண்ணினது இந்த ரெண்டாவது வழி. எனக்கு மனசுக்குப் பிடிச்சது பனகோபௌலோஸ் குழு பண்ணினது, இத்தாலி, ஸ்பெயின், பிரான்ஸ், இங்கிலாந்து நாலு நாட்டுலயும் ஃபேஸ்புக் தந்த நடமாட்ட டேட்டாவை வச்சு கிராஃப் கட்டி, அலை முன்னாடி வந்த நாட்டுல கத்துக்கிட்டதை அலை பின்னாடி வர்ற நாட்டுக்கு கைமாத்தி விட்டாங்க. பின்னாடி மாட்டற நாட்டுக்கு டேட்டா கையில இல்லாத அந்த முதல் வாரங்கள்தான் உயிருக்கு முக்கியமான வாரங்கள், அந்த இடைவெளியைக் குறிவச்சு யோசிச்சதுக்காகவே எனக்கு அந்தக் கட்டுரை மேல மரியாதை.

இப்போ நான் ரொம்ப அழுத்திச் சொல்ல நினைக்கற இடம். இந்த மாதிரி ஒரு மாடலை பழைய டேட்டா காட்டி டிரெயின் பண்ணி, நாளைக்கு கேஸ் எவ்வளவுன்னு கேட்டா அழகா பதில் சொல்லும். படம் வரைஞ்சு பாத்தா கணிப்புக் கோடு உண்மைக் கோட்டு மேலயே விழும். ஆனா நேத்து எவ்வளவோ நாளைக்கும் அவ்வளவுதான்னு கண்ணை மூடிட்டு சொன்னாலும் கோடு கோட்டு மேலதான் விழும், ஏன்னா கேஸ் எண்ணிக்கை ஒரு நாள்ல பெருசா மாறாது. குறுகிய காலத்துக்கு இந்தச் சாதாரண பேஸ்லைனைத் தாண்டறதே கஷ்டம், தாண்டினேன்னு சொல்ற கட்டுரைல எவ்வளவு தாண்டிச்சுன்னு பாக்கணும். அதுக்கு அப்புறமும் ஒரு சோதனை இருக்கு, நான் எந்த மாடலைக் கையில எடுத்தாலும் முதல்ல இதைப் பண்ணிப் பாப்பேன். எட்ஜ்களை கலைச்சு விட்டுடறது. எந்த ஊர் எந்த ஊரோட இணைஞ்சிருக்குங்கறதை சீட்டு குலுக்கற மாதிரி மாத்திப் போட்டு திரும்ப டிரெயின் பண்ணணும். பிழை பெருசா கூடலன்னா, அந்த மாடல் புவியியலையே தொடலன்னு அர்த்தம், ஒவ்வொரு ஊரோட சொந்த வரலாறை மட்டும் பாத்து நீட்டி வரைஞ்சுட்டு இருக்கு. பேரு கிராஃப் நெட்வொர்க்கா இருக்கும், உள்ள நடக்கறது தனித்தனி ஊர்கள். ஒரு வாரம் ரெண்டு வாரம் தள்ளி கணிக்கச் சொல்லும்போதும், இதுவரை கேஸே இல்லாத ஊரைக் கேக்கும்போதும்தான் எட்ஜுக்கு உண்மையான வேலை வருது.

கேஸே இல்லாத ஊர்னு சொன்னேன்ல, அதைப் பத்தி இன்னும் பேசணும், என்னைப் பொறுத்தவரை மொத்த விஷயமும் இங்கதான் இருக்கு. பார்ட்லெட்டுன்னு ஒரு புள்ளியியல் அறிஞர் 1957ல தட்டம்மை பத்தி ஒண்ணு காட்டினார், சுமார் இரண்டரை லட்சம் மூணு லட்சம் மக்கள்தொகைக்கு மேல இருக்கற நகரத்துல நோய் அணையாம தொடர்ந்து இருந்துட்டே இருக்கும், அதுக்குக் கீழ உள்ள ஊர்கள்ல அணைஞ்சுடும், வெளில இருந்து யாராவது கொண்டு வந்தாத்தான் திரும்பப் பத்தும். அதாவது பெரிய நகரத்துக்கு தன்னோட கணக்கே போதும், சின்ன ஊருக்கோ எல்லாமே எட்ஜ்தான். ஆனா நாம மாடலுக்கு கொடுக்கற லாஸ் ஃபங்ஷன், அதாவது எந்தத் தப்புக்கு எவ்வளவு தண்டனைங்கற கணக்கு என்ன சொல்லுது? சராசரி வர்க்கப் பிழை வச்சா ஆயிரக்கணக்குல கேஸ் வர்ற நகரத்துல நூறு தப்பினா பெரிய தண்டனை, பூஜ்யமா இருந்த ஊருக்கு மூணு கேஸ் வந்ததைப் பிடிக்காம விட்டா தண்டனையே இல்லாத மாதிரி. மாடல் என்ன கத்துக்கும்? சின்ன ஊருக்கு எப்பவும் பூஜ்யம்னு சொல்லிட்டு நகரத்துல கவனம் வைக்கும், அதுக்கு மார்க்கும் நல்லா வரும். ஆனா அந்த மூணு கேஸ்தான் அந்த ஊர் மக்களுக்கு எல்லாமே. அங்க ஐசியூ இருக்காது, ஆக்சிஜன் வர நேரம் ஆகும், ஒரு வாரம் முன்னாடி தெரிஞ்சிருந்தா எவ்வளவோ பண்ணியிருக்கலாம். அதனால லாகரிதம் எடுத்து டிரெயின் பண்றது, எண்ணிக்கைக்கு ஏத்த நெகட்டிவ் பைனாமியல்ங்கற புள்ளியியல் பரவல் மாதிரி லாஸ் வைக்கறது, கேஸ் எண்ணிக்கைக்குப் பதிலா முதல் கேஸ் எந்த வாரம் வரும்ங்கறதையே கேள்வியா வச்சு மதிப்பிடறது, இதெல்லாம் டெக்னிக்கல் விவரம் மாதிரி தெரிஞ்சாலும் யாரோட உயிரை கணக்குல எடுக்கறோம்ங்கற முடிவு இது.

அடுத்தது டேட்டா. மாடலுக்குத் தெரியறது நோய் இல்ல, பதிவாகி வந்த எண்ணிக்கை மட்டும்தான். சனி ஞாயிறு லேப் மெதுவா ஓடினா கேஸ் குறையும், செவ்வாய்க்கிழமை ஏறும், மாடல் அதை நோயோட தாளம்னு எடுத்துக்கும். இங்கிலாந்துல 2020 செப்டம்பர் 25ல இருந்து அக்டோபர் 2 வரைக்கும் 15,841 பாசிட்டிவ் ரிசல்ட் தினசரி கணக்குல சேராம போச்சு, பழைய எக்ஸெல் ஃபைல் வகைல வரிசை எண்ணிக்கைக்கு ஒரு உச்ச வரம்பு இருக்கறதுதான் காரணம். அந்த வாரத்து டேட்டாவை அப்படியே எடுத்து டிரெயின் பண்ணினா, ஒரு வாரம் நோய் அடங்கி அப்புறம் ஒரே நாள்ல வெடிச்ச மாதிரி ஒரு கதையை மாடல் நம்பும். இது ஒரு நாடு முழுக்க தெரிஞ்சு திருத்தின விஷயம். டெஸ்ட் கிட்டே போய்ச் சேராத மாவட்டங்கள்ல வந்துட்டுப் போன அலைகள் எந்த எண்ணிக்கைலயும் இல்ல, அங்க மாடல் பாக்கறது ஒரு ஆரோக்கியமான பகுதியை. கூகிள் ஃப்ளூ டிரெண்ட்ஸ் கதையும் இதோட சேர்ந்ததுதான். 2008ல ஆரம்பிச்சாங்க, மக்கள் தேடற சொற்களை வச்சு ஃப்ளூ எங்க ஏறுதுன்னு சொல்றது. 2012-13 சீசன்ல அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொன்ன அளவைவிட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு காட்டிச்சு, 2015ல நிறுத்திட்டாங்க. தேடலும் நோயும் சேர்ந்து நடக்கும் சரி, ஆனா டிவில பயமுறுத்தினாலும் தேடுவாங்களே.

அப்புறம் நடமாட்ட டேட்டா, அதாவது எட்ஜ் எங்க இருந்து வருதுங்கற கேள்வி. செல்போன் டேட்டா வந்ததுக்கு அப்புறம் இந்தத் துறையே மாறிடுச்சு. கென்யாவுல ஏறக்குறைய 1.5 கோடி போன்களோட நகர்வை வச்சு மலேரியா விக்டோரியா ஏரிப் பகுதில இருந்து எப்படி நைரோபிக்கு ஆளுங்க மூலமா போகுதுன்னு வெசொலோவ்ஸ்கி குழு 2012ல காட்டினாங்க. கொசு பறக்கற தூரம் கொஞ்சம்தான், ஆனா ஒட்டுண்ணி மனுஷ உடம்புக்குள்ள பஸ் ஏறிப் போகுது. கொரோனா காலத்துல கூகிள், ஆப்பிள், ஃபேஸ்புக் எல்லாம் நடமாட்டக் கணக்குகளை வெளில விட்டாங்க. அது பெரிய உதவி. ஆனா போன் இல்லாதவங்க, ஒரே போனை குடும்பமே பகிர்ந்துக்கறவங்க, லொகேஷன் ஆஃப் பண்ணி வச்சிருக்கறவங்க, ஸ்மார்ட்போன் பழகாத பெரியவங்க இந்தக் கோடுகள்ல இருக்காங்களா? அமெரிக்காவுல நார்த் கரோலினா மாகாணத்துல 2018 தேர்தல்ல எந்த வாக்குச்சாவடில எத்தனை பேர் ஓட்டு போட்டாங்கங்கற அரசாங்கப் பதிவையும் செல்போன் நடமாட்டக் கணக்கையும் ஒப்பிட்டுப் பாத்த ஒரு ஆய்வு இருக்கு, வயசானவங்களும் வெள்ளையர் அல்லாதவங்களும் போன் கணக்குல குறைவா பதிவாகறாங்கன்னு வந்துச்சு. கொரோனா அதிகமா கொன்னது யாரைன்னு யோசிச்சுப் பாருங்க. அதே சமயம் நியாயமா இதையும் சொல்லணும், கென்யாவுல போன் வச்சிருக்கறதுல ஏழை பணக்கார வித்தியாசம் நிறைய இருந்தும் நடமாட்ட மதிப்பீடு அவ்வளவா கெட்டுப்போகலன்னு வெசொலோவ்ஸ்கி குழுவே பின்னாடி ஆராய்ஞ்சு எழுதினாங்க. அதனால எல்லா இடத்துக்கும் ஒரே பதில் கிடையாது, ஒவ்வொரு டேட்டாவையும் தனியா வேற ஒரு பதிவோட வச்சு ஒப்பிட்டுத்தான் ஆகணும். இந்த ஒப்பீடு பண்ணாம எட்ஜ் போட்ட கட்டுரைகளைப் படிக்கும்போது எனக்கு நிஜமாவே கோபம் வரும்.

சில மாடல்கள் எட்ஜை வெளில இருந்து வாங்காம அட்டென்ஷன், அதாவது எந்த ஊருக்கு எவ்வளவு கவனம் தரணும்னு மாடலே எடை போடற முறை மூலமா தானே கத்துக்கும். இது ரொம்ப கவர்ச்சியான வழி, டிரெயின் பண்ணி முடிச்சதும் எந்த ஊர் எந்த ஊரை கவனிக்குதுன்னு ஒரு படம் வரும், அதைப் பாத்ததும் இங்க இருந்து அங்க பரவிச்சுன்னு சொல்லத் தோணும். சொல்லக்கூடாது. ரெண்டு ஊருக்கும் மூணாவது ஒரு நகரத்துல இருந்து நோய் வந்திருக்கலாம், ஒரு ஊர்ல ரெண்டு நாள் முன்னாடி டெஸ்ட் ரிசல்ட் வந்திருக்கலாம், மாடலுக்கு அது முன்னறிவிப்பு மாதிரி பயன்படும், ஆனா நோய் அந்த வழில ஒரு தடவை கூட போயிருக்காது. அந்தப் படத்தை நம்பி ஒரு ரோட்டை மூடினா யாருக்கும் பயன் இருக்காது, அந்த ரோட்டுல போய் பிழைக்கறவங்களுக்கு மட்டும் நஷ்டம்.

நோய் உண்மையா எந்த வழில போச்சுன்னு ஓரளவுக்காவது சாட்சி சொல்றது வைரஸோட மரபணு. 2014-16 மேற்கு ஆப்பிரிக்க எபோலாவுல 1,610 ஜீனோம்களை, அதாவது வைரஸோட முழு மரபணு வரிசைகளை வச்சு பண்ணின ஆய்வுல, பக்கத்து பக்கத்துல இருக்கற பெரிய மக்கள்தொகை மாவட்டங்களுக்கு நடுவுலதான் நோய் அதிகம் போச்சுன்னும், நாட்டு எல்லையைத் தாண்டறது உள்நாட்டுக்குள்ள போறதை விடக் குறைவுன்னும் தெரிஞ்சுது, கிராவிட்டி மாடலுக்கு நல்ல ஆதரவு. ஆனா பிரிட்டன்ல கொரோனா முதல் அலையை அதே மாதிரி மரபணு வச்சு பாத்தப்போ, வெளில இருந்து ஆயிரத்துக்கும் மேல தனித்தனியா நுழைஞ்சிருக்குன்னு வந்துச்சு, பெரும்பாலும் ஸ்பெயின், பிரான்ஸ், இத்தாலில இருந்து, சீனாவுல இருந்து நேரா வந்தது ரொம்பக் கொஞ்சம். இத்தாலியே ஜனவரி கடைசில சீனாவோட நேரடி விமானங்களை நிறுத்தின நாடு, பிப்ரவரி 20க்குள்ள கொதோஞோவுல நோய் உள்ளூரவே ஓடிட்டு இருந்துச்சு. எல்லாரும் ஒரு எட்ஜையே உத்துப் பாத்துட்டு இருந்தாங்க, நோய் வேற எட்ஜ் வழியா வந்து முடிச்சிருந்துச்சு. அதனால அட்டென்ஷன் படமோ நடமாட்டக் கணக்கோ எதுவா இருந்தாலும் ஜீனோம் டேட்டா கிடைக்கற இடத்துல அதோட ஒத்துப்போகுதான்னு பாக்கணும்ங்கறது என் கட்சி.

இன்னொரு அடிப்படைச் சிக்கல், ஒரு பெருந்தொற்றோட முதல் அலை ஒரே ஒரு தடவைதான் நடக்கும். ஆயிரம் ஊர் இருக்கேன்னு டேட்டா நிறைய இருக்கற மாதிரி தெரியும், ஆனா அத்தனை ஊரும் ஒரே சம்பவத்தோட துண்டுகள். ஊர்களை சும்மா குலுக்கிப் போட்டு பாதியை டிரெயினிங், பாதியை டெஸ்ட்னு பிரிச்சா, இணைஞ்சிருக்கற ஊரோட பதிலைப் பாத்து எழுதின பரீட்சை மாதிரி ஆகிடும். காலத்தால பிரிக்கணும், முடிஞ்சா ஒரு முழு பிரதேசத்தையே ஒதுக்கி வச்சு சோதிக்கணும். அதுவும் போதாதுன்னுதான் பலபேர் கலப்பு மாடலுக்கு போனாங்க, எனக்கும் அதுதான் சரின்னு படுது. நோய் எப்படி பரவும்ங்கறதுல நமக்கு உறுதியா தெரிஞ்ச பகுதியை எஸ்ஐஆர் மாதிரி சமன்பாடா வச்சுட்டு, தெரியாத பகுதியை மட்டும் நெட்வொர்க்கிட்ட விடறது. எம்ஐடில தண்டேகர், பார்பஸ்தாதிஸ் 2020ல இப்படித்தான் பண்ணாங்க, எஸ்ஐஆர் சமன்பாட்டுக்குள்ள ஊரடங்கோட பலம் நாளுக்கு நாள் எப்படி மாறுதுங்கற ஒரே ஒரு துண்டை மட்டும் நியூரல் நெட்வொர்க்கா வச்சு, வூஹான், இத்தாலி, தென்கொரியா, அமெரிக்கா டேட்டால இருந்து கத்துக்க விட்டாங்க. வெஸ்பிஞானி குழுவோட க்ளீம்ங்கறது விமானப் போக்குவரத்தையும் தினசரி பயணத்தையும் வச்சு உலகம் முழுக்க தொற்றை ஓட்டிப் பாக்கற பெரிய சிமுலேஷன், டீப்க்ளீம்னு ஒண்ணு வந்துச்சு, அதுல நெட்வொர்க்குக்கு வேலை சிமுலேஷன் எங்க தப்புதோ அந்த மிச்சப் பிழையைக் கத்துக்கறது மட்டும்.

கணிப்பைப் பத்தி ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போறேன். அமெரிக்காவுல 2020 ஏப்ரல்ல நிக்கோலஸ் ரைக் குழு ஆரம்பிச்ச ஃபோர்காஸ்ட் ஹப்ல பல குழுக்கள் வாராவாரம் தங்களோட கணிப்பைக் கொடுத்தாங்க. எந்தத் தனி மாடலும் தொடர்ந்து ஜெயிக்கல, எல்லாத்தையும் சேர்த்து எடுத்த கூட்டுக் கணிப்புதான் நிலையா நல்லா இருந்துச்சு, வாரங்கள் தள்ளத் தள்ள பிழையும் ஏறிச்சு. மக்கள் எண்ணிக்கையைப் பாத்து நடந்துக்கற விதத்தை மாத்துவாங்க, மாத்தினா எட்ஜே மாறிடும். 2020 ஜனவரி 23 அன்னிக்கு வூஹானை மூடினப்போ சீனாவுக்குள்ள பரவறது 3ல இருந்து 5 நாள்தான் தள்ளிப்போச்சு, ஏன்னா அதுக்குள்ள மத்த நகரங்களுக்கு போயாச்சு, ஆனா வெளிநாடுகளுக்கு போன கேஸ் பிப்ரவரி நடு வரைக்கும் கிட்டத்தட்ட 80% குறைஞ்சுது. ஒரே நோட்டை மூடினதுல உள்ள ஒரு விளைவு, வெளில வேற விளைவு. நாலு மாசம் கழிச்சு எத்தனை கேஸ்னு ஒரே எண்ணா சொல்ற மாடலை விட, இந்த நோட்டை இப்ப தொட்டா எங்க என்ன மாறும்னு ஒரு வரம்போட சொல்ற மாடல் எனக்கு ஆயிரம் மடங்கு மேல்.

எனக்கு இப்ப அதிகம் ஆர்வம் இருக்கறது எங்க பாக்கறதுங்கற கேள்வில. கழிவுநீர்ல வைரஸ் இருக்கான்னு பாக்கற வழி இப்ப பல நாட்டுல வந்துடுச்சு, அதுக்கு யாரும் டெஸ்டுக்கு வர வேண்டாம், போன் வச்சிருக்க வேண்டாம், பணக்காரர் ஏழை எல்லாரோடதும் ஒரே குழாய்ல வரும், குழாய் இருக்கற ஊர் வரைக்கும். எல்லா ஊர்லயும் வாராவாரம் எடுக்க காசு போதாது. அப்போ கையில இருக்கற கொஞ்சம் இடங்களை எங்க வைக்கறது? பெரிய விமான நிலையத்துல மட்டும் வச்சா வர்றது தெரியும், உள்ள எங்க போச்சுன்னு தெரியாது. கிராஃப் நெட்வொர்க்குக்கு இது இயல்பான வேலை: சிமுலேஷன்ல நூத்துக்கணக்கான கற்பனைத் தொற்றுகளை வெவ்வேறு ஊர்ல ஆரம்பிச்சு ஓட்டி, எந்தெந்த நோட்ல கண்காணிச்சா மத்த எல்லா நோட்டுக்கும் அதிக நாள் முன்கூட்டி எச்சரிக்கை கிடைக்கும்னு கத்துக்க விடலாம். அதுல நான் சேர்க்கற ஒரே நிபந்தனை, சராசரியா எத்தனை நாள் கிடைச்சுதுன்னு பாக்காம, ரொம்பக் குறைவா எச்சரிக்கை கிடைச்ச ஊருக்கு எத்தனை நாள் கிடைச்சுதுன்னு பாத்து மாடலுக்கு மார்க் போடறது. அப்படி மாத்தினதும் கண்காணிப்பு இடங்கள் நகரங்களை விட்டு வெளில நகர ஆரம்பிக்குது, நாலஞ்சு வழி வந்து சேர்ற சின்னச் சின்னச் சந்திப்பு ஊர்களுக்கு.